உடல்நலப் பாடம்: ஒரே கிணத்துத் தண்ணி, ஒருத்திக்கு மட்டும் வயித்துப் புண் ஏன்?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு, எழும்பப் போகிற நேரத்தில் உடம்பைப் பற்றிய பேச்சு வரும். "நெஞ்சு எரியுது மயினி", "வயித்துல வாயு கெட்டிக் கெடக்கு", "அல்சராட்டு இருக்குமோ?" என்று ஒருவர் கேட்பார். பதிலும் அங்கேயே கிடைத்துவிடும். "நேரத்துக்குச் சாப்பிடாம கெடந்தா இப்படித்தான்." "வத்தலைக் கொறை." "எதுக்கும் கவலைப்படாத, கவலைதான் புண்ணாக்கும்."

இந்தப் பதில்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ஒரே பானைச் சோறு, ஒரே மரச்சீனிக்கிழங்கு, ஒரே மீன்குழம்பு, ஒரே கிணத்துத் தண்ணி. அக்காவுக்கு வயிற்றில் புண். தங்கைக்கு ஓர் ஏப்பம்கூட இல்லை. சாப்பாடும் காரமும்தான் காரணம் என்றால் இரண்டு பேருக்கும் வர வேண்டாமா? இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

நம்ம மாவட்டமும் வயித்துப் புண்ணும்

இந்தக் கேள்வி நம்ம மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி திருவிதாங்கூரோடு சேர்ந்து கிடந்தது. அந்தக் காலத்தில் தென்திருவிதாங்கூர், வயிற்றுப் புண்ணுக்குப் பேர் போன இடம். சிறுகுடலின் தொடக்கத்தில், அதாவது முன்சிறுகுடலில் வருகிற புண்தான் இங்கே அதிகம்.

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியை எல்லோருக்கும் தெரியும். அங்கே பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தவர் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் மலை ஏறப் போன ஆங்கிலேயக் குழுவில் ஒருவர். 1922-ல் மலையிலிருந்து இறங்கிய பிறகு நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் குவிந்து கிடந்த நோயாளிகளைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பிப் பெரிய டாக்டராகும் எண்ணத்தை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். அவரிடம் வந்த கூட்டத்தில் வயிற்றுப் புண்காரர்கள் ஏராளம். இரைப்பையையும் சிறுகுடலையும் இணைக்கிற ஆபரேஷனை அவரும் உடன் வேலை பார்த்த டாக்டர்களும் இங்கே நிறையப் பேருக்குச் செய்தார்கள். தம் அனுபவத்தை 1936-ல் இங்கிலாந்து மருத்துவ இதழிலும் எழுதினார்கள்.

"ஏன் இங்கே இத்தனை பேருக்கு?" என்று அப்போதே ஆராய்ந்தார்கள். சந்தேகம் சாப்பாட்டின் மேல் விழுந்தது. ஏழைகளின் சாப்பாட்டில் மரச்சீனி மிகுதி, பாலும் கீரையும் குறைவு. நீலகிரியில் குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டையே கொடுத்துப் பார்த்தார். அந்த எலிகளில் பலவற்றுக்கு வயிற்றில் புண் வந்தது. கோதுமை ரொட்டி, பால், காய்கறி என்று வடநாட்டுச் சாப்பாடு தின்ற எலிகளுக்கு வரவில்லை.

ஆகவே சாப்பாட்டுக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது முழு விடை அல்ல. நெய்யூருக்கு வந்தவர் புண்ணோடு வந்தார். அதே மரச்சீனியைத் தின்ற பக்கத்து வீட்டுக்காரர் சுகமாக வயலுக்குப் போனார். அந்த வித்தியாசம் அன்றைக்குப் பிடிபடவில்லை.

குற்றவாளி ஒரு கிருமி

1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு டாக்டர்கள், இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்துக் காட்டினார்கள். திருகு ஆணி மாதிரி சுருண்ட கிருமி. பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. சுருக்கமாகப் பைலோரி என்றே சொல்லுவோம்.

புளிப்பான அமிலம் சுரக்கும் இரைப்பையில் கிருமி எப்படி வாழும் என்று யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த நீரைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி வந்தது. இரைப்பையைச் சோதித்தபோது உள்சுவர் அழற்சியாகி இருந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காக இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றுப் புண் பெரும்பாலும் ஒரு தொற்று. மருந்தால் குணமாக்கலாம் என்று உலகம் ஏற்றுக்கொண்டது.

பைலோரி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, எச்சில், அசுத்தமான கை, தண்ணீர் வழியாக ஒட்டுகிறது. மருந்து கொடுத்து ஒழிக்காவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இரைப்பையில் குடியிருக்கும்.

கிருமி பலருக்கு, புண் சிலருக்கு

இங்கேதான் கேள்வி மறுபடி தலைதூக்குகிறது. உலகில் ஏறக்குறைய பாதிப் பேரின் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறது. இந்தியாவில் அதைவிட அதிகம். ஆனால் கிருமி உள்ள 100 பேரில் 10 முதல் 15 பேருக்குத்தான் வாழ்நாளில் புண் வருகிறது. மிகச் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய் வருகிறது. மற்றவர்களுக்கு ஒன்றும் தெரிவதே இல்லை.

அக்காவுக்கும் கிருமி, தங்கைக்கும் கிருமி. புண் மட்டும் ஒருத்திக்கு. இதற்கு மூன்று காரணங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, கிருமியின் வகை. பைலோரியிலும் கொடியது உண்டு, சாது உண்டு. இரண்டு, நாம் வாழும் விதம். சாப்பாடு, புகை, வலி மாத்திரை. மூன்றாவது பலரும் கேள்விப்படாதது. அது நம் உடம்போடு பிறந்த மரபணு வேறுபாடு.

மரபணு என்பது என்ன?

நம் உடம்பின் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் ஒரு சமையல் குறிப்பு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பாதி அம்மா கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். ரத்தம் எப்படி இருக்க வேண்டும், இரைப்பையில் அமிலம் எவ்வளவு சுரக்க வேண்டும், கிருமி வந்தால் எத்தனை வேகமாக எதிர்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது.

நம்ம எல்லாருடைய குறிப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1000 எழுத்துக்கு ஓர் எழுத்து என்ற அளவில்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் 300 கோடியில் அது ஏறக்குறைய 30 லட்சம் இடம்! எல்லா வீட்டிலும் மீன்குழம்புக்குத் தேங்காயும் வத்தலும் அரைக்கிறோம். ஒரு வீட்டில் வத்தல் ரெண்டு கூட, இன்னொரு வீட்டில் புளி கொஞ்சம் கூட. குழம்பு குழம்புதான், ருசி வேறு. உடம்பும் அப்படித்தான். இந்தச் சின்னச் சின்ன மாற்றம் குறை அல்ல. ஆளுக்கு ஆள் கிருமியைத் தாங்கும் விதம் மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரத்தப் பிரிவு சொல்லும் பாடம்

நமக்கெல்லாம் தெரிந்த மரபணு வேறுபாடு ஒன்று உண்டு. அதுதான் ரத்தப் பிரிவு. கர்ப்ப காலத்தில் பரிசோதித்து அட்டையில் எழுதுவார்களே, ஏ, பி, ஏபி, ஓ என்று, அதேதான்.

1954-ல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் ரத்தப் பிரிவைக் கணக்கெடுத்தார்கள். மற்ற பிரிவுக்காரர்களைவிட ஓ பிரிவுக்காரர்களுக்கு முன்சிறுகுடல் புண் கூடுதலாக வந்தது தெரிந்தது. மற்றவர்களில் 100 பேருக்கு வருகிற இடத்தில் ஓ பிரிவில் 130-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய ஆண்டு அதே குழுவினர், இரைப்பைப் புற்றுநோய் ஏ பிரிவுக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் என்று கண்டிருந்தார்கள்.

இதற்கு ஒரு விளக்கம் 1993-ல் கிடைத்தது. ரத்தப் பிரிவை முடிவு செய்யும் சர்க்கரைப் பொருள்கள் ரத்தத்தில் மட்டுமல்ல, இரைப்பையின் உள்சுவரிலும் இருக்கின்றன. பைலோரி அவற்றைக் கொக்கி போலப் பிடித்துத் தொங்குகிறது. ஓ பிரிவில் அந்தக் கொக்கி வெறுமையாக நிற்கிறது, பிடிப்பது எளிது. ஏ பிரிவில் அதன் மேல் இன்னொரு சர்க்கரை ஒட்டி மறைக்கிறது. ஆனால் எல்லா இடத்துக் கிருமியும் ஒன்றுபோல இல்லை. இரண்டையும் பிடிக்கக் கற்றுக்கொண்ட கிருமிகளும் உண்டு.

"அப்போ ஓ பிரிவு கெட்டதா?" என்று கேட்கலாம். இல்லை. ஓ பிரிவுக்காரர்களுக்கு மலேரியா வந்தாலும் உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போவது குறைவு. ஆனால் காலரா வந்தால் அவர்களுக்குத்தான் கடுமையாகிறது. தலைமுறை தலைமுறையாகக் காலரா அடித்த வங்காளக் கடற்கரைப் பகுதியில் ஓ பிரிவுக்காரர்கள் குறைவாக இருப்பதற்கு அதுவும் காரணமாகலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஒரு நோயில் காவல் நிற்கிற மரபணு இன்னொரு நோயில் கதவைத் திறந்துவிடுகிறது. எல்லாவற்றிலும் நல்லது, எல்லாவற்றிலும் கெட்டது என்று எந்த மரபணுவும் இல்லை.

தீ எவ்வளவு எரிய வேண்டும்?

கிருமி நுழைந்ததும் உடம்பு சும்மா இருக்காது. அந்த இடத்துக்கு ரத்தம் பாயும், வெள்ளை அணுக்கள் ஓடி வரும், சூடாகும், சிவக்கும், வீங்கும், வலிக்கும். இதற்குத்தான் அழற்சி என்று பெயர். கொசு கடித்தால் தடிப்பது அதன் சின்ன உருவம். கவனித்துப் பாருங்கள், ஒரே கொசு கடித்தாலும் ஒரு பிள்ளைக்குக் கடுகளவு, இன்னொரு பிள்ளைக்கு நெல்லிக்காய் அளவு.

அழற்சி அடுப்புத் தீ மாதிரி. அளவோடு எரிந்தால் சோறு வேகும். அளவு மிஞ்சினால் கூரையில் பிடிக்கும். காய்ந்த ஓலை பட்டென்று பற்றும். பச்சை மடல் புகைந்து கிடக்கும். எந்த உடம்பு ஓலை, எந்த உடம்பு மடல் என்பதை ஓரளவுக்கு மரபணு முடிவு செய்கிறது.

உடம்பில் அழற்சியைத் தூண்டும் ஒரு பொருளின் பெயர் இன்டர்லூக்கின்-1 பீட்டா. அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அது இரைப்பை அமிலத்தைக் குறைக்கும். இந்தப் பொருளைக் கூடுதலாகச் சுரக்கவைக்கிற மரபணு வகை உள்ளவர்களுக்குப் பைலோரி இருந்தால் இரைப்பைப் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது என்று 2000-ம் ஆண்டில் ஸ்காட்லாந்து, போலந்து நாட்டு மக்களிடம் செய்த ஆராய்ச்சி காட்டியது. அவர்களுக்கு அழற்சி இரைப்பை முழுக்கப் பரவி, அமிலம் சுரக்கும் இடமே தேய்ந்துபோகிறது. அழற்சி இரைப்பையின் கீழ்ப்பகுதியோடு நின்றுவிடுகிறவர்களுக்கோ அமிலம் கூடி, முன்சிறுகுடலில் புண் வருகிறது. கிருமி ஒன்றுதான். உடம்பு அதை எதிர்க்கிற விதத்தால் நோய் இரண்டாகிறது. இந்த மரபணுவின் பங்கு எல்லா நாட்டு மக்களிடமும் ஒரே அளவில் காணப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

2012-ல் ஜப்பானில் கண்டதும் இப்படித்தான். ஒரு மரபணுவின் ஒரு வகை, முன்சிறுகுடல் புண்ணைக் கூட்டியது. அதே வகை இரைப்பைப் புற்றுநோயைக் குறைத்தது.

மரபணு ஆராய்ச்சியில் பெரும்பகுதி இதுவரை ஐரோப்பிய மக்களைப் பற்றியது. நம் நாட்டில் 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் பல சமூகங்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் மரபணு எழுத்துகளைப் படித்து, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நம்ம உடம்பைப் பற்றி நம்ம மக்களிடமிருந்தே தெரிந்துகொள்ள இது உதவும்.

"அது அவுங்க குடும்ப நோய்"

மரபணு என்றதும் நம் பெண்களுக்கு ஒரு பயம் வரும். பொண்ணு பார்க்க வந்த இடத்தில், "அம்மைக்கு வயித்துல ஆபரேஷன் செஞ்சிருக்காமே, குடும்பத்துல உள்ளதாமே" என்று காது குத்திப் பேசுவார்கள். இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு குடும்பத்தில் பலருக்கு வயிற்றுப் புண் வருவது உண்மைதான். காரணம் இரண்டு. குடும்பத்தில் மரபணுவும் பொது, கிருமியும் பொது. அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு ரத்தப் பிரிவும் வரும், பைலோரியும் வரும். மரபணுவை மாற்ற முடியாது; கிருமியை ஒழிக்க முடியும். கிருமி போனால், மரபணு எந்த வகையாக இருந்தாலும் புண் மறுபடி வரும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். கொக்கி இருந்தாலும் தொங்க ஆள் இல்லையே! எனவே இதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை ஒதுக்குவதில் எந்த நியாயமும் இல்லை.

பழியும் வேண்டாம். "நீ சாப்பிடாம கெடந்து வரவழைச்ச நோய்" என்று வீட்டில் ஏசுகிறார்கள். பட்டினி கிடந்தால் எரிச்சல் கூடும், காரம் தின்றால் உறுத்தும். ஆனால் பெரும்பாலான புண்ணுக்கு மூலகாரணம் பைலோரி, இல்லையென்றால் வலி மாத்திரை. எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவளை ஏசினால் புண் ஆறாது.

நாம் செய்ய வேண்டியவை

1. வாரக்கணக்கில் மேல்வயிற்று வலியோ எரிச்சலோ இருந்தால் பெட்டிக்கடை 'கேஸ்' மாத்திரையில் காலம் ஓட்டாதீர்கள். அது அமிலத்தைக் குறைத்து வலியை அடக்கும். கிருமி அப்படியே இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்டி, "பைலோரி சோதனை வேணுமா?" என்று கேளுங்கள்.

2. குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, மலச் சோதனை, மூச்சுச் சோதனை ஆகியவற்றால் கிருமி இப்போது இருக்கிறதா என்று தெரியும். சாதாரண ரத்தச் சோதனை, பழைய தொற்றையும் இப்போதுள்ள தொற்றையும் பிரித்துக் காட்டாது. அமில மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சோதனைக்கு முன் சுமார் 2 வாரம் அதை நிறுத்தச் சொல்லுவார்கள்.

3. கிருமி இருந்து டாக்டர் மருந்து எழுதினால், பெரும்பாலும் 14 நாள், ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிபயாட்டிக்கும் அமில மாத்திரையும் சேர்ந்து இருக்கும். நாலு நாளில் வலி போய்விட்டது என்று நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் மிச்சக் கிருமி அந்த மருந்துக்கே அசையாமல் போகும்.

4. மேல்வலி, முட்டுவலி, தலைவலிக்கு வாங்கித் தின்கிற டைக்ளோபினாக், ஐபுபுரூபென் போன்ற மாத்திரைகள் தாமாகவே புண்ணை உண்டாக்கும். அண்டி ஆபீஸில் நாள் முழுக்க இருந்து வேலை பார்க்கிறவர்கள், கயிறு திரிப்பவர்கள், பால்வெட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க. டாக்டரிடம் கேட்காமல் தினமும் விழுங்காதீர்கள்.

5. கீல் மாதிரி கருத்த மலம், ரத்த வாந்தி, திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். காரணமில்லாமல் மெலிவது, விழுங்க முடியாமை, ஓயாத வாந்தி என்றால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

6. நெஞ்செரிச்சலோடு வியர்வை, மூச்சுமுட்டல், கை அல்லது தாடைக்கு ஓடும் வலி இருந்தால் 'வாயு' என்று சுக்குக் காப்பி குடித்துக் கிடக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போதும் 108 தான்.

7. இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையா? அதற்குப் பைலோரியும் ஒரு காரணமாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

8. கழிவறை போன பிறகும் சோறு ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். பிள்ளைக்கு மென்று ஊட்டும் பழக்கத்தை விடுங்கள்.

9. ரத்தச் சொந்தத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு எந்தச் சோதனை தேவை என்று முடிவு செய்ய அது அவருக்கு உதவும்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

• நம்ம குழுவில் வயிற்று எரிச்சலுக்கு மாதம் எவ்வளவு ரூபாய் மாத்திரைக்குப் போகிறது? ஒரு வருடக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.
• வலி மாத்திரையைத் தினமும் விழுங்குகிற உறுப்பினர்கள் எத்தனை பேர்?
• மருத்துவச் செலவுக்குக் குழுவில் கடன் எடுத்தவர்களில், சோதனை செய்து காரணம் தெரிந்துகொண்டவர்கள் எத்தனை பேர்?
• தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கும் உறுப்பினருக்கு யார் துணை போவது?

நினைவில் கொள்ள: ஒருத்தியின் உடம்பு மாதிரி இன்னொருத்தியின் உடம்பு இல்லை. "எனக்கு ஒண்ணும் ஆவல, உனக்கு மட்டும் என்ன?" என்று இனி யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம். வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னால் அதை நம்புவோம், அவளோடு ஆஸ்பத்திரி வரை நடப்போம்.